நடுக்கதவில் பஞ்சு

யார் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் ஓடிப்போய்த் திறந்துவிடும் பூட்டுக்காரர், தன் வீட்டு நடுக்கதவை மட்டும் பூட்டியபடியே போட்டு வைத்திருந்தார். சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஓட்டும் அண்ணன் குடும்பம். இந்தப் பக்கம் இவரும் மனைவியும். காலையில் அண்ணன் சாவித் துவாரத்தில் வாயை வைத்து, "டேய், எழுந்தாச்சா?" என்பார். இவர் பதில் சொல்வார். அதற்குப் பிறகுதான் இருவருக்கும் பொழுதே விடியும்.

ஒருநாள் குரல் வரவில்லை. குனிந்து பார்த்தால் துவாரம் முழுக்க வெள்ளைப் பஞ்சு.

"அடைச்சுட்டாரு பாரு!" என்றார் மனைவியிடம்.

"போய்க் கேளுங்களேன்."

"நான் ஏன் கேக்கணும்? அவரு வரட்டும்."

வீம்பு பேசினாரே தவிர, உள்ளுக்குள் ஒரே குழப்பம். அப்படி என்ன செய்துவிட்டோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டார். ஒன்றும் பிடிபடவில்லை. கடையில் ஒருவர் கேட்ட சாவிக்குப் பதில் இன்னொருவர் சாவியை அரத்தால் ராவித் தந்தார். பயமாகவும் இருந்தது. இருப்பது ஒரே அண்ணன்.

சில வாரம் கழித்து, பொறுக்க முடியாமல், வளைத்த கம்பியோடு பஞ்சை எடுக்க உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னச் சிலந்தி வந்து, முன்கால்களைத் தூக்கி முறைத்தது. கம்பியால் தள்ளினார். விழுந்தது, ஆனால் தரையைத் தொடவில்லை. ஒரு நூலில் தொங்கி, விறுவிறுவென்று ஏறி, மறுபடி துவாரத்தை மறித்து நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தார். பஞ்சே இல்லை; பட்டுப் பை, உள்ளே முட்டைகள். வலை விரித்துக் காத்திருக்காமல் தாவிப் பிடிக்கும் சிலந்தி இது. தாவும்போது விழாமலிருக்க ஒரு நூல், பிள்ளைகளுக்கு வீடு கட்ட நூல் என்று பிழைக்கிறது.

அப்படியென்றால் அண்ணன் ஏன் பேசவில்லை? தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

"பஞ்சு வச்சு அடைச்சவன் இப்ப எதுக்கு வந்தே?" என்றார் அண்ணன்.

"நானா? நீங்க வச்சீங்கன்னுல்ல நான்..."

அண்ணனை இழுத்துப்போய்க் காட்டினார். அண்ணன் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"தம்பி ஏன் அடைச்சான்னு யோசிச்சேன்டா. நான் உனக்குப் பண்ணதெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு."

"நானும் யோசிச்சேண்ணே," என்றார் பூட்டுக்காரர் ஆறுதலாக. "நான் உங்களுக்குப் பண்ணது ஒண்ணுமே ஞாபகம் வரல."

அண்ணன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அதான்டா எனக்குக் கோவம்," என்றார்.