கோட்டைக்குள் போன ஓலை நறுக்கு

விடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்த வண்டிக்காரன் ஐந்து நாழிகை கழித்து வந்தான். கேட்டால், மாட்டுக்கு மனசு சரியில்லையாம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏழு நாழிகை வழி. கூலி இரண்டு பணம். பாதி வழியில் சக்கரம் சேற்றில் இறங்கியது. கூலி கொடுத்த நானே இறங்கித் தள்ளினேன். "படிச்சவுரு கை பட்டதும் எழும்பிக்கிச்சு பாருங்க" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

நான் பொன்னேரியில் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பவன். சாவு வீடோ, நோய்ப் படுக்கையோ, நாலு வார்த்தை ஆறுதல் சொல்ல ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரே எனக்கு வினையாக வந்தது. சந்தையில் கருவாடு விற்கும் நாகம்மா ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதாள். அவள் புருஷன் எல்லப்பன் இருபது நாளாக ஒல்லாந்தர் கோட்டையில் அடைபட்டிருக்கிறான். சோற்றைத் தொடுவதில்லை என்று சிப்பாய் ஒருவன் சொல்லியனுப்பியிருந்தான். பெண்பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். குப்பத்து ஆண்கள் போனால் அவர்களையும் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். "நீங்க போய் நாலு வார்த்த சொல்லி அவர சாப்பிட வைங்க சாமி" என்றாள். சரி என்று தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அவன் செய்த குற்றம் என்ன தெரியுமா? கப்பலில் சரக்கேற்றப் படகோடு வா என்று கோட்டையிலிருந்து ஆள் வந்தபோது, "இன்னிக்கி என் பாடு, நாளைக்கி வரேன்" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான். பீரங்கி வைத்திருப்பவனுக்கு இப்படிப் பதில் சொல்ல இந்த ஜனங்களால்தான் முடியும்.

பழவேற்காடு போய்ச் சேர்ந்த அன்று பிற்பகலே ஒரு காசுக்குத் தோணி ஏறி எல்லப்பனின் குப்பத்துக்குப் போனேன். பாடு என்றால் என்ன என்று அங்கே ஊர்த் தலைவர் முனுசாமி எனக்கு விளக்கத் தொடங்கினார். விளக்கினார், விளக்கினார், பொழுது சாயும்வரை விளக்கினார். ஏரியில் நல்ல மீன் சேரும் இடங்களில் அவனவன் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. அமாவாசை கழிந்ததும் முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆளுக்கு ஒருநாள் முறை, அதுதான் பாடு. ஒவ்வொருவனும் தன் குறியைக் கீறிய ஓலை நறுக்கைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். முறை விழுந்ததும் ஓலை அவனவன் கைக்குப் போகும். எல்லப்பனின் ஓலையையும் இந்தத் தடவை போட்டுக் குலுக்கினார்களாம். அவன் வராவிட்டால் மச்சான் வலை போடுவான், மீன் நாகம்மா வீட்டுக்குப் போகும். "இத அவன் கையில குடுத்து, எத்தினியாவது பாடுன்னு சொல்லிடுங்க" என்று விரல் நீள ஓலை ஒன்றைக் கொடுத்தார். எழுத்துகூட இல்லை, எல்லப்பனின் குறியான மூன்று கீறல்தான். இடுப்பில் செருகிக்கொண்டேன். என் மனமெல்லாம் மறுநாள் பேசப்போகும் பேச்சில் இருந்தது.

மறுநாள் காலை கோட்டை வாசலில் மூன்று நாழிகை நிற்கவைத்தார்கள். உள்ளே விட உத்தரவு தரவேண்டிய துபாஷி பல் துலக்குகிறாராம். பிறகு பூஜை செய்கிறாராம். கடைசியில் ஒரு சிப்பாய் என் புகையிலையில் பாதியை வாங்கிக்கொண்டு ஒரு கிடங்குக்கு அழைத்துப்போனான். உயரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரே ஒரு சாளரம். உள்ளே ஏழெட்டுப் பேர். சோற்றுச் சட்டியில் ஈ மொய்க்க, எல்லப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தங்களைக் கடல் கடந்து ஒல்லாந்தரின் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்போகிறார்கள் என்று அங்கே ஒரு பேச்சு.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். அரிச்சந்திரன் சுடலை காத்ததைச் சொன்னேன். நளன் நாடிழந்து மீண்டதைச் சொன்னேன். பொன்னேரியில் இந்த இடத்தில் எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள். இங்கே மூலையிலிருந்த ஒருவன் கொட்டாவி விட்டான். எல்லப்பன் திரும்பக்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது இவன் முதுகுக்குக் கதை சொல்லவா?

நேரமாயிற்று என்று சிப்பாய் கையை நீட்டினான். மிச்சப் புகையிலையை எடுக்க இடுப்பைத் தடவினேன். ஓலை கீழே விழுந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு எல்லப்பன் திரும்பினான். எழுந்து வந்து எடுத்துக் கீறல்களை விரலால் தடவினான்.

"என் ஓலய குடத்துல போட்டாங்களா?"

"போட்டார்கள்."

"எத்தினியாவது பாடு?"

எனக்கு நினைவில்லை. முனுசாமி மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். நான் நளனை யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றா, ஐந்தா? அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். "மூன்று" என்று சொல்லிவிட்டேன்.

அவன் விரல் மடித்து எண்ணிவிட்டுச் சாளரத்தைக் காட்டினான். "அமாவாச கழிச்சி மூணாம் நாளு. அன்னிக்கி அந்த ஓட்டயில காத்து வரும். கெழக்கால வந்தா மடவ மீனு நெறைய வுழும்னு இங்கருந்தே தெரிஞ்சிக்குவேன்." பிறகு ஈயை விரட்டிவிட்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

குப்பத்துக்குத் திரும்பும்வரை தோணியில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அவன் சாப்பிட்டான் என்றதும் நாகம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவனிடம் மூன்றாவது பாடு என்று சொன்னதாகச் சொன்னேன்.

"அஞ்சாச்சே, வாத்தியாரே" என்றார் முனுசாமி.

மூன்றாவது பாடு கன்னியப்பனுடையது. வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, காது கூசும்படி ஒரு வசவு வைத்தான். வாங்கிக்கொண்டேன், தகும். பிறகு முனுசாமியிடம் சொன்னான்: "உள்ள கெடக்கறவன் நாள எண்ணிக்கினு இருப்பான். அவன்கிட்ட சொன்னது மூணுன்னா மூணுதான். என்னுத அஞ்சுன்னு வச்சிக்கோங்க." சொல்லிவிட்டு முடிச்சைத் தொடர்ந்தான்.

திரும்பும் வண்டிக்கும் அதே இரண்டு பணம், அதே மாடு. போன வருஷம் நான் காய்ச்சலில் பதினைந்து நாள் படுத்தபோது, பொன்னேரியில் நாலாம் நாளே வேறொருவரை என் இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். எழுந்து போய்ச் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். இங்கே கோட்டைக்குள் கிடப்பவன் இடம் அப்படியே இருக்கிறது. வழி முழுக்க அதை நினைத்து எரிச்சலாக இருந்தது.

எல்லப்பனை விட்டார்களா என்று இதை எழுதும்வரை தகவல் இல்லை. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலை பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். கிழக்கிலிருந்து காற்று வந்தது. என்னையறியாமல், "இன்றைக்கு எல்லப்பன் பாடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பாடம்தான் என்று நினைத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.