வீட்டம்மா கட்டம்

அரசு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாக வந்த டாக்டருக்கு, வந்த வருஷமே ‘தகர டப்பா’ என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். காலி பிஸ்கட் டப்பா, சைக்கிள் சக்கரம், லாரியின் கண்ணாடி துடைக்கும் மோட்டார் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த மனிதர் விட மாட்டார். குழாயில் எடுத்த ரத்தம் உறையாமல் ஆடிக்கொண்டே இருக்க, அந்த லாரி மோட்டாரை வைத்து ஒரு தொட்டில் செய்தார். ரத்தத்தைச் சுழற்றித் தெளியவைக்கும் மெஷின் பழுதாகி, மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தபோது, வீட்டுத் தையல் மெஷினின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்க் கையால் சுற்றுகிற மாதிரி ஒன்றைச் செய்து நிறுத்தினார். பாதி தைத்த தலையணை உறை தையல் மெஷினிலேயே தூசி படிந்து கிடந்தது. அவர் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் ‘குத்துமதிப்பு’. அந்த நாளில் ஒருவருக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று நர்ஸுகள் கண்டுபிடித்த விதம் அப்படி. கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் பரவாயில்லை, வெளிறி இருந்தால் சத்து மாத்திரை. ஒரு நர்ஸுக்கு வெளுப்பாகத் தெரிவது இன்னொருத்திக்குச் சிவப்பாகத் தெரியும். டாக்டருக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஊர் ஊராகப் போகிற நர்ஸ் கையில் மெஷினைக் கொடுத்தனுப்ப முடியாது, ஆனால் ஒரு அட்டையைக் கொடுத்தனுப்பலாமே என்று யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் அவருடைய சிவப்பு அட்டை.

விஷயம் எளிமையானது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சு தாளில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கட்டங்கள். மேலே நல்ல அடர்த்தி, கீழே போகப் போக வெளிறிக்கொண்டே வரும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு ஓட்டை. தாளை அடியில் வைத்து நகர்த்தினால், எந்தக் கட்டத்தோடு சொட்டின் நிறம் ஒத்துப்போகிறதோ அதுதான் அந்த ஆளின் நிலைமை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மேல் கட்டத்துக்கு, அதாவது ‘இதுதான் ஆரோக்கியமான ரத்தம்’ என்று சொல்ல, ஒரு அளவு வேண்டும் அல்லவா? பரிசோதனைக் கூடங்களில் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. நோயில்லாத ஒருவரின் ரத்தத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதை அதோடு ஒப்பிடுவார்கள். பெரும்பாலும் கூடத்தில் வேலை செய்கிற யாராவது விரலை நீட்டுவார்கள். டாக்டர் தன் மனைவியின் விரலைப் பிடித்தார். அவள் ரத்தத்தைத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மெஷினில் அளந்து பார்த்ததில், பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி அச்சு அசலான அளவு வந்தது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட அவளை அவ்வளவு பாராட்டியிருக்க மாட்டார்.

கூடத்தில் அவளை எல்லோரும் ‘வீட்டம்மா’ என்றுதான் சொல்வார்கள். டெக்னீஷியன் கொஞ்சம் குறும்புக்காரர். மேல் கட்டத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார். “டாக்டர், இந்தப் பொண்ணு வீட்டம்மாவுக்கு ரெண்டு கட்டம் கீழ” என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார். டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதுவார்.

அட்டைகள் நிரந்தரம் இல்லை. பல கை பட்டு அழுக்கேறும், வெயிலில் நிறம் மாறும். அதனால் அவ்வப்போது புதிதாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மனைவி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து விரலை நீட்டுவாள். டாக்டர் சொட்டைத் தாளில் ஒற்றி, பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, அதற்கு நேராக வண்ணம் கலப்பார். அந்தச் சொட்டையே உப்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கீழ்க் கட்டங்களுக்கு நிறம் எடுப்பார். அவர் கலந்து கொடுப்பதைப் பார்த்து அச்சகக்காரர் மை கலந்து அடித்துத் தருவார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடி ரத்தம் அனுப்பவில்லை. தூரம் அதிகம், போய்ச் சேருவதற்குள் கெட்டாலும் கெட்டுவிடும், அங்கேயும் மெஷின் பாதி நாள் ஓடாது. அதோடு, அவள் ரத்தம்தான் தெரிந்த ரத்தம் ஆயிற்றே, அதை எதற்கு அளக்க வேண்டும்?

குத்துமதிப்பை வெறுத்த மனிதர் இங்கேதான் கோட்டை விட்டார்.

புது அட்டை பழையதைவிடக் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. டெக்னீஷியன் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழசில் அழுக்கு என்று டாக்டர் சொன்னார். அழுக்கு இருந்தது உண்மை. அடுத்த முறையும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறை டெக்னீஷியன் கேட்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தாள். துணி பிழிந்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள். நின்று சமைக்க முடியவில்லை என்று சொன்னாள். டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? அவளுக்கு ஒரு நாற்காலி செய்தார். அடுப்பு உயரத்துக்கு, கீழே சக்கரம் வைத்து, உட்கார்ந்தபடியே அடுப்படி முழுக்க நகரலாம் என்கிற மாதிரி. வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். அவள் ஏன் நிற்க முடியாமல் போனாள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒருமுறை அவளே, ஒருவேளை ரத்தம் குறைந்திருக்குமோ என்று கேட்டாள். அவர் உடனே விரலில் குத்தி, அட்டையில் வைத்துப் பார்த்தார். மேல் கட்டம், இம்மியும் பிசகாமல். வேறு எப்படி இருக்கும்?

“ஜம்முனு இருக்க. வயசாகுதுல்ல, அதான்” என்றார்.

ஊரிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. ரத்தசோகைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். முன்பு கீழ்க் கட்டங்களில் விழுந்தவர்கள் இப்போது நடுவில் விழுந்தார்கள். சத்து மாத்திரை வேலை செய்கிறது என்று சுகாதார அதிகாரி ஒரு கூட்டத்தில் டாக்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பேசினார். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தச் சமயத்தில்தான் அச்சகக்காரரின் மகள் நிறைமாதமாக வந்தாள். அட்டையில் மேலிருந்து இரண்டாவது கட்டம். பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். பிரசவத்தில் போன ரத்தத்தை அவள் உடம்பு தாங்கவில்லை. டாக்டர் சாவு வீட்டுக்குப் போய், அச்சகக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, நம் கையில் எதுவும் இல்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

மனைவியின் தங்கை வெளியூரிலிருந்து வந்திறங்கிய அன்றுதான் எல்லாம் உடைந்தது. நீண்ட காலம் அக்காவைப் பார்க்காதவள். வாசலில் பெட்டியை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னக்கா இப்படி வெளுத்துப் போயிருக்க? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.”

நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. டாக்டருக்கு ரோஷம் வந்தது. டாக்டர் வீட்டுக்கு வந்து வைத்தியம் சொல்கிறாளே என்று, அட்டையை எடுத்துவந்து, மனைவியின் விரலைக் குத்தி மேல் கட்டத்தைக் காட்டினார். தங்கை அடங்கவில்லை. அப்படியானால் எனக்கும் பாருங்கள் அத்தான் என்று தன் விரலை நீட்டினாள்.

அவளுடைய சொட்டு எந்தக் கட்டத்திலும் சேரவில்லை. மேல் கட்டத்தைவிட அடர்ந்திருந்தது. டாக்டர் அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“உனக்கு உடம்பு பூரா ரத்தம்தான் போல” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தன் விரலைக் குத்திக்கொண்டார். அதுவும் மேல் கட்டத்தைத் தாண்டி இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். டெக்னீஷியனைக் குத்தினார், வாசல் காவலாளியைக் குத்தினார், துப்புரவு செய்யும் பெண்ணைக் குத்தினார். எல்லோரும் ஆரோக்கியத்தைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள். அவர் குத்திப் பார்த்தவர்களிலேயே அந்தக் கட்டத்துக்குச் சரியாகப் பொருந்திய ரத்தம் ஒன்றே ஒன்றுதான், அது வீட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தது.

டெக்னீஷியன்தான் முதலில் வாயைத் திறந்தார். “டாக்டர்… அட்டை இறங்கியிருக்கு.”

“அட்டை இறங்கல” என்றார் டாக்டர். “அவ இறங்கியிருக்கா. நான் அட்டையையும் கூடவே எறக்கிட்டு வந்திருக்கேன்.”

வீடு திரும்பி, மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கேலி செய்து வந்த அதே குத்துமதிப்பு. உள்ளே சிவப்பு என்பதே இல்லை. அவள் கண்ணைச் சிமிட்டாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“எனக்கு முடியலன்னு தெரியும்ங்க. ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்க. சரி, எனக்குத்தான் சோம்பேறித்தனம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவர் அன்றே அவளைத் தலைநகரத்துக்கு அழைத்துப் போனார்.

தலைநகரத்து ஆஸ்பத்திரியில் குடலில் கட்டி என்றார்கள். வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ஆரம்பத்தில் ரத்தம் குறைந்ததுமே பிடித்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம். இப்போது ஈரல்வரை போய்விட்டது. அந்த இளம் டாக்டருக்கு இவர் யாரென்று தெரியாது. வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊருக்கு வந்ததும் சுகாதார அதிகாரியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. கமுக்கமாகப் புது அட்டையை மாற்றிவிடலாம், ஊரைக் கூட்ட வேண்டாம் என்று கெஞ்சினார். டாக்டர் கேட்கவில்லை. நர்ஸுகளிடம் இருந்த அட்டைகளைத் தானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். நன்றாக இருக்கிறது என்று அனுப்பப்பட்ட கர்ப்பிணிகளையெல்லாம் திரும்ப வரவழைத்தார். வந்தவர்களில் பாதிப் பேருக்கு இமைக்குள் வெளுத்துத்தான் இருந்தது. சிலர் திட்டினார்கள். சிலர் ஒன்றும் புரியாமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக அச்சகத்துக்குப் போனார். டாக்டர் சொன்னதையெல்லாம் அச்சகக்காரர் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார். தெரிந்திருந்தால் மகளைக் காப்பாற்றியிருக்கலாமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தைத்தான் டாக்டர் அந்த அப்பனின் தலையில் இறக்கிவைத்துவிட்டு நின்றார். அச்சகக்காரர் கத்தவில்லை. மெஷினை நிறுத்தினார்.

“அந்த அட்டைய என் கையாலதான அடிச்சேன்” என்றார். “வேற எடம் பாத்துக்கோங்க.”

டாக்டர் வேறு இடம் பார்க்கவில்லை. இனி ஒவ்வொரு அட்டையையும் தன் கையாலேயே தீட்டுவது என்று முடிவு செய்தார். மேல் கட்டத்துக்கு இப்போது ஒற்றை ஆளை நம்பவில்லை. பலருடைய ரத்தத்தை எடுத்து, ஒவ்வொரு முறையும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே கொண்டுபோய் அளந்து கலந்தார். கீழ்க் கட்டங்களுக்கு உப்பு நீரில் கரைக்கிற வேலையையும் விட்டுவிட்டார். அந்தந்த நிலைமையில் இருக்கிற உண்மையான நோயாளியின் ரத்தத்தைப் பார்த்தே நிறம் எடுத்தார். கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. அவ்வளவு வெளிறிய ரத்தம், உயிரோடு நடமாடும் ஒருவரிடம், சுலபத்தில் கிடைப்பதில்லை.

மனைவியை ரத்தம் ஏற்றுவதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டு நர்ஸ் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கணவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்துக்கோங்க. அப்புறம் இது கலந்துரும்.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. அவள் விரலை நீட்டினாள். ஜன்னலோரத்தில் எத்தனையோ முறை நீட்டிய அதே விரல். நுனியில் குத்திக் குத்தித் தோல் தடித்திருந்தது.

“வேண்டாம்” என்றார்.

“மேல் கட்டத்துல வச்சுத்தான தப்பாப் போச்சு. கீழ வச்சுக்கோங்க. அங்க நான் சரியா இருப்பேன்.”

அவர் குத்தினார். சொட்டு வர நேரம் பிடித்தது. தாளில் ஒற்றியபோது, ரத்தம் என்று சொன்னால்தான் ரத்தம் என்று தெரியும் போல இருந்தது. டாக்டர் அந்த வார்டிலேயே, அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதார். அவளால் கையைத் தூக்கித் தேற்ற முடியவில்லை.

புது அட்டை தயாராவதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்த அட்டை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. டெக்னீஷியனுக்குப் பழைய பழக்கம் விடவில்லை, கட்டம்தான் மேலிருந்து கடைசிக்கு இடம் மாறிவிட்டது. எப்போதாவது ஒரு நாள் உள்ளிருந்து “டாக்டர், வீட்டம்மா” என்று குரல் கேட்கும். வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. தகர டப்பா டாக்டர் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். போனதும் அட்டையைப் பார்க்க மாட்டார். வந்திருப்பவரின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்.