கையில் சூடாகிப்போன ரத்தம்

குழந்தைகளே, அப்போது நான் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ராணி என்ற வயதான குதிரைக்குக் குளிருக்கு வளர்ந்த சடைமுடி கோடையிலும் உதிரவில்லை. மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியில் நோயா என்று பார்க்க, மாட்டு டாக்டர் ரத்தம் எடுத்து, ஐஸ் பிளாஸ்க்கில் வைத்து, சேலத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். முடிவு வரும்வரை வெல்லம் கொடுக்கக் கூடாது, அந்த நோய் இருந்தால் குளம்புக்குள் வீங்கிவிடும் என்றார்.

மலைப்பாதை வளைவுகளில் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாய் ஐஸில் மோதியது. உடைந்துவிடுமென்று பயந்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டேன். சேலம் வந்ததும் மறுபடி பிளாஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன்.

நோய் இல்லை என்று முடிவு வந்தது. என் மகள் ஆசையாய் வெல்லம் ஊட்டினாள். இரண்டே மாதத்தில் ராணி குளம்பு ஊன்ற முடியாமல் படுத்துவிட்டது.

"ஏனுங்க, வழியில ஐஸ் உருகிப்போச்சுங்களா?" என்றார் வந்து பார்த்த டாக்டர்.

"இல்லீங்க சார். குழாய் ஒடஞ்சிருமின்னு என்ற பையில வெச்சிருந்தேனுங்க."

"சூடு பட்டா ரத்தத்துல ஹார்மோன் அழிஞ்சிருமுங்க. நோய் இருந்தாலும் இல்லாத மாதிரி காட்டும்."

அவர் திட்டவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். ராணி குடிக்கவில்லை. மறுநாள் இறந்துவிட்டது.

இப்போது யார் எதைக் கொடுத்தனுப்பினாலும் சொன்னபடியே கொண்டுபோகிறேன். வழியில் எதையாவது மாற்றியிருந்தால், போனதும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.