பிறர் உதவியின்றி

குழுவில் என்னைப் போட்டதற்குக் காரணம் என் திறமை இல்லை, என் வாய். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இனிமேல் ஆசிரியர்கள் பதவி உயர்வு பெற வேண்டுமென்றால் பாடம் நடத்தக் கணினியைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான தகுதி நெறிகளை அந்தந்தக் கல்லூரியே விரித்து எழுதி, சோதித்துப் பார்த்து, சான்று தரலாம் என்றது. ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து, "சான்று தர்றவங்களுக்கு யாரு சார் சான்று தர்றது?" என்று கேட்டேன். முதல்வர் சிரித்துக்கொண்டே மொத்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார். நான் வரலாற்றுத் துறை. அதுவரை நான் கணினியைத் தொட்டது ஆயுத பூசையன்று சந்தனம் வைத்தபோது மட்டும்தான்.

எங்கள் கல்லூரி தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், வயலுக்கு நடுவே இருந்தது. பாஸ்போர்ட் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பையன்கள் பி.ஏ. சேர்ந்த காலம் அது. வருகை எடுக்கும்போது ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால், "சிங்கப்பூர் போயிட்டான் மேடம்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். சில சமயம் துபாய், சில சமயம் திருப்பூர். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. பிள்ளைகள் கணினியோடு பழகிவிட்டார்கள். நாங்கள்தான் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

முதல் சோதனையில் எல்லோரையும் ஆளுக்கொரு பாடத்தைத் திரையில் காட்டும்படி தயாரித்து வரச் சொன்னோம். குறித்த நாளில் எல்லோர் கையிலும் குறுந்தகடு. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இயற்பியல்காரர் 'ஒளிவிலகல்' பாடத்தைப் போட்டார். முதல் பக்கத்தில் இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் குத்துவிளக்கு. மங்களகரமாகத் தொடங்குகிறார் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்தோம். வேதியியலுக்கும் அதே வாழைமரம் வந்தது. வணிகவியலுக்கு வாழைமரத்தோடு நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. கடைசிப் பக்கத்தில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பேராசிரியரின் பெயர், பட்டங்களோடு.

எல்லோரும் போனது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரே கடைக்கு. அந்தக் கடையில் முக்கியத் தொழில் கல்யாணப் பத்திரிகை. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைச் செய்து கொடுத்திருந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

"டைப் அடிக்கிறதா மேடம் என் வேலை? பாடம் எடுக்கிறதுதான் என் வேலை" என்றார் இயற்பியல்காரர். அவர் ஏமாற்றுவதாக நினைக்கவே இல்லை. வினாத்தாளானாலும் ஆய்வேடானாலும் நாம் கையால் எழுதித் தருவது, டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்துத் தருவது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அவர் அதையே கணினிக்கும் நீட்டியிருந்தார். ஆனாலும் நான் விடவில்லை. அன்றைக்கே நெறிகளில் ஒரு வரி சேர்த்தேன்: 'பிறர் உதவியின்றி, மாணவர் முன்னிலையில், வகுப்பிலேயே செய்து காட்ட வேண்டும்.' அந்த வாரம் முழுக்க ஆசிரியர் அறையில் யாரும் என்னைக் காபி குடிக்கக் கூப்பிடவில்லை.

அந்த வரி யார் மேல் போய் விழும் என்று எழுதும்போது நான் யோசிக்கவில்லை. பொருளியல் துறையில் ஒருத்தி இருந்தாள். அதிராம்பட்டினத்துப் பெண், என்னைவிடச் சிறியவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கணவர் சவுதியில். தஞ்சாவூரில் வாடகை வீட்டில் மகளோடு இருந்துகொண்டு, வார இறுதியில் பட்டுக்கோட்டை வழியாக ஊருக்குப் போய் வருவாள். வெளிநாட்டுப் பிழைப்பை அவள் ஊரில் சபர் என்பார்கள். "எங்க தெருவுல ஆம்பளைங்கள்ல பாதிப்பேரு சபர்லதான்க்கா இருக்காங்க. பொம்பளைங்க நாங்க போனுக்குப் பக்கத்துல இருக்கோம்" என்பாள்.

கணவர் அவளை அங்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்கு வேலையை விட மனமில்லை. துறைத்தலைவர் அந்தக் கோடையில் ஓய்வு பெறவிருந்தார், அடுத்து இவள்தான். ஆனால் பதவி உயர்வு வந்திருந்தால்தான் தலைவர் நாற்காலி. நெறிகளில் தேறினால்தான் பதவி உயர்வு. "துறைத்தலைவர் ஆனா இங்கயே இருக்கேன், இல்லன்னா எழுதிக் கொடுத்துட்டு வந்துடுறேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்க்கா" என்றாள் ஒருநாள், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே. நான் சேர்த்த வரி நினைவுக்கு வந்தது. அந்தக் கல்லூரியில் நான் கத்தினால் திருப்பிக் கத்தக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளைப் போகவிட எனக்கு மனமில்லை.

இதில் வேடிக்கை, எனக்குக் கணினி பழக்கியவளே அவள்தான். ஓய்வு வகுப்புகளில் பக்கத்தில் உட்காருவாள். நான், "ஏய், இது எங்க போச்சு?" என்பேன். எட்டி ஏதோ ஒன்றை அழுத்துவாள், போனது திரும்பி வரும். வீட்டில் கணவர் வாங்கி அனுப்பிய கணினியில் தினமும் அவரோடு சாட் செய்து, ஆங்கில எழுத்தில் தமிழைப் பொரிந்து தள்ளுவாள். அப்படிப்பட்டவள், "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுக்கா" என்று சாதித்தாள்.

"அப்ப நீ தினமும் பண்றது என்ன?"

"அது பேசுறது. கட்டம் போட்டு, பூப் போட்டு, பக்கம் புரட்டுறதெல்லாம் எனக்கு வரல."

"பூவையும் வாழைமரத்தையும் விட்டுத் தள்ளு. பேசத் தெரியும்ல, அதையே வகுப்புல பண்ணு" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய பாடம், டெல்டாவில் வயல் வேலைக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை என்பது. கணினி அறையில் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்த பழைய மாணவன் ஒருவனைச் சாட்டில் பிடித்தாள். அங்கே அவனுக்குச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் கேட்கக் கேட்க அவள் அடித்தாள், அவன் பதில் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் விழுந்தது. நடவுக்குக் கிடைத்த கூலி என்ன, அங்கே கிடைப்பது என்ன, அனுப்பும் பணத்தை வீட்டில் எதற்குச் செலவழிக்கிறார்கள், எல்லாம் கேட்டார்கள். குத்தாலம் பக்கத்துப் பையன் ஒருவன், "அண்ணன் வயலை இப்ப யாரு பாக்குறாங்கன்னு கேளுங்க மேடம்" என்றான். 'தெரியல மேடம், அப்பா சொல்ல மாட்டேங்குறாரு' என்று வந்தது. பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அப்போதுதான் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது. கல்லூரிக்குப் பின்னால் வயல்களுக்கு மும்முனை மின்சாரம் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். பம்புசெட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடினால் எங்களுக்கு வோல்டேஜ் படுத்துவிடும். எங்கள் வீட்டு மோட்டாரும் அதில் ஒன்று, நான் யாரைத் திட்டுவது? திரை அணைந்தது. நான் ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தேன். அவளோ ஒன்றுமே நடக்காதவள்போல் சாக்பீஸை எடுத்தாள். பதில் வரவர நோட்டில் எழுதிக்கொள்ளும்படி முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாள். மணி அடிக்கும்வரை அதை வைத்தே பாடம் நடத்தினாள்.

"பயமா இல்லையாடி?" என்று பிறகு கேட்டேன்.

"சவுதியில அவங்ககிட்ட பேசுறப்பவும் இப்படித்தான்க்கா, எப்பக் கட்டாகும்னு தெரியாது. முக்கியமானதை முதல்ல சொல்லிடணும்" என்றாள்.

குழுக் கூட்டத்தில் முதல்வர் இழுத்தார். "இது பாடமா, அரட்டையா மேடம்? ஸ்லைடே இல்லையே. பாதியில மெஷினும் நின்னுடுச்சு." குழுவில் மூன்றாமவரான கணிதக்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றறிக்கையை எடுத்து மேசையில் போட்டேன். "இதுல எங்க சார் ஸ்லைடுன்னு இருக்கு? கற்பித்தலுக்குப் பயன்படுத்துதல்னுதான் இருக்கு. வாழைமரம் காட்டுனவங்க கம்ப்யூட்டரைப் பயன்படுத்துனாங்களா, அவ பயன்படுத்துனாளா?" கணிதக்காரர் தலையை நிமிர்த்தி, "மேடம் சொல்றது சரிதான் சார்" என்றார். அவர் அதற்கு முன்பும் பின்பும் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சூட்டோடு இன்னொரு வரியையும் சேர்த்தோம்: 'மின்சாரம் நின்றாலும் பாடம் நிற்காதவாறு திட்டமிட வேண்டும்.' எங்கள் நெறிகளிலேயே எங்கள் ஊருக்கென்று எழுதியது அந்த வரி ஒன்றுதான், இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

அவள் தேறினாள். நானும் எப்படியோ தட்டுத்தடுமாறித் தேறினேன். இயற்பியல்காரரும் அடுத்த சுற்றில் தானே அடித்த நாலு பக்கத்தோடு வந்தார். வரிக்கு வரி எழுத்துப்பிழை, ஆனால் வாழைமரம் இல்லை. கோடையில் அவள் துறைத்தலைவர் ஆனாள். புது நாற்காலியில் உட்கார வைத்து, திருவிடைமருதூரில் வாங்கிய மல்லிகைப்பூவை நானே அவள் தலையில் வைத்துவிட்டேன். இனி எங்கேயும் போக மாட்டாள் என்ற நிம்மதியில் அன்று எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"முக்கியமானதை முதல்ல சொல்லிடுறேன்க்கா. நான் போறேன்."

அவள் கணவர் எங்கள் சான்றின் நகலை அங்கே இந்தியப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் காட்டியிருக்கிறார். கணினியை வைத்துப் பாடம் நடத்தத் தெரிந்த ஆளைத்தான் அவர்களும் தேடிக்கொண்டிருந்தார்களாம். சான்றில் இருந்தது என் கையெழுத்து.

"துறைத்தலைவர் ஆனா இருக்கேன்னு சொன்னியே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வேலைக்காகத்தான் நிக்கிறேன்னு இத்தனை நாளா சொன்னேன். இப்ப அங்கயே வேலை இருக்கு. இனிமே எதைச் சொல்லி நிக்கிறது? என் மவளுக்கு வாப்பான்னா கம்ப்யூட்டர்ல வர்றவங்கக்கா. நேர்ல வந்தா பக்கத்துலயே போக மாட்டேங்குறா."

போய் வா என்றேன். மனதார அல்ல.

அவள் போய்ச் சில வாரங்கள் கழித்து ஆசிரியர் அறைக் கணினியில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. புதுப் பள்ளி, மகள், வெயில் என்று சின்னதாக எழுதியிருந்தாள். கடைசியில், 'பதில் நீங்களே அடிக்கணும், யார்கிட்டயும் கொடுக்கக் கூடாது, ரூல் தெரியும்ல?' என்றிருந்தது.

ஓய்வு வகுப்பில் உட்கார்ந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பா நடவு நடக்கிறது, நடவுக்கு ஆள்தான் இல்லை என்று ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். நடுவில் அடித்தது முழுக்க எங்கேயோ மறைந்தது. "ஏய், இது எங்க போச்சு?" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அங்கே விடைத்தாள் கட்டு ஒன்று இருந்தது. மறைந்ததை நானேதான் தேடிப் பிடித்தேன்.

வயல்பக்கம் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. யூ.பி.எஸ். கத்தியது. வாய்க்காலையும் நடவையும் அப்படியே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே போய் அடித்தேன்: 'நீ இல்லாம எனக்கு இங்க பிடிக்கல.' எழுத்துப்பிழை இருந்ததா என்று பார்க்கவில்லை. அனுப்பினேன். போய்விட்டது என்று காட்டியபின்தான் திரை அணைந்தது.