அல்பேனியா நாடகமும் முத்தாயம்மாளும்

அம்மாபேட்டையில் முத்தாயம்மாளை வாயாடி என்பார்கள். வாயாடியேதான். ஆனால் தெருவே பயந்து வாயடைத்து நின்ற ஒரு நாளில் பேசியவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளைக்காரன் ஆண்ட நாற்பத்திரண்டில் மாரியம்மன் பண்டிகைக்குத் தறிக்காரர்கள் நாடகம் போட்டார்கள். காந்தி பெயரைச் சொன்னால் போலீஸ் கொட்டகையைப் பிரித்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்து வாத்தியார் கைலாசம் கடல் கடந்த அல்பேனியாவைப் பிடித்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் துருக்கிச் சுல்தான் நாட்டை விழுங்க வந்தபோது, தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த சிற்றரசர்கள் ஸ்கந்தர்பெக் என்ற வீரன் பின்னால் ஒன்றாகக் கூடிய கதை. அவர்கள் எப்படிச் சத்தியம் செய்தார்களோ, யாருக்குத் தெரியும்? மேடையில் நம்மூர் வழக்கப்படி நிஜக் கற்பூரத்தைக் கொளுத்தி, ஒவ்வொருவராகக் கையால் அடித்து அணைத்து, கூட்டாளியைக் காட்டிக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். முத்தாயம்மாளின் புருஷன் கந்தவேல் அதில் ஒரு சிற்றரசன். சுல்தான் யாரென்று கொட்டகைக்கே புரிந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

எழுதியது யார் என்று போலீஸ் தெருத்தெருவாகக் கேட்டது. சுல்தான் வேஷம் கட்டியவன்கூட வாய் திறக்கவில்லை. ஆனாலும் அந்த வாரமே கைலாசத்துக்கு விலங்கு மாட்டினார்கள். நூலே கிடைக்காத அந்தப் பஞ்சத்தில், போலீஸுக்கு வேண்டப்பட்ட வியாபாரி ஒருவன் கந்தவேலுக்கு மட்டும் ஒரு பாவுக்கு, தறியில் நெடுக்கே ஓடும் இழைகளுக்கு, வேண்டிய நூலைக் கொடுத்தான். எல்லோருக்கும் சந்தேகம், கேட்கத்தான் ஆளில்லை. முத்தாயம்மாள் புருஷனிடமே கேட்டாள். அவன் மறைக்கவுமில்லை.

“அது நாடகந்தானே, புள்ள.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேஷம் பொய், சரி. கற்பூரமுமா பொய்?

மறுநாள் காலையில் அந்த நூலைத் தெருவில் பாவாக நீட்டினார்கள். கஞ்சி போட்ட பாவை ஈரம் காய்வதற்குள் பல கைகள் சேர்ந்து தேய்த்து இழை பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிப் பாழாகும். அதனால் யார் வீட்டுப் பாவானாலும் தெருவே கைகொடுக்கும். அன்றும் வந்தார்கள். கஞ்சி போட்டு முடிந்ததும் முத்தாயம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

“ஆரும் தொடாதீங்க. வாத்தியாரக் காட்டிக் குடுத்து வாங்குன நூலுங்க இது. என்ற ஊட்டுப் பாவுதான். ஒட்டிப் போகட்டும்.”

ஒவ்வொருவராகக் கையை எடுத்துக்கொண்டார்கள். கந்தவேல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தனியாகத் தேய்த்தான். வெயில் ஏறியது. பிள்ளைகளின் அடுத்த வேளைச் சோற்றுக்கு அந்தப் பாவைத் தவிர வேறு வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக் கட்டையாகும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்தாள்.