கல்லுக்கு அடியில் இருந்த புள்ளி

கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்ட வைர மூக்குத்தியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. தோஷக்கல் என்றார் நாத்தனார். மறு வருஷமே என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். "உன் கல்லுதான்டி என் தம்பிய முழுங்கிடுச்சு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். நானும் அதை நம்பினேன். மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, தலை குனிந்தே அவருடன் காலத்தை ஓட்டினேன்.

போன மாசம் அதை விற்றுவிடலாம் என்று, ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி நானும் நாத்தனாரும் சின்னக்கடை வீதி நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் லென்ஸில் பார்த்தார். கூட்டிலிருந்து கல்லைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"கல்லு சுத்தமா இருக்கும்மா. புள்ளி கல்லுல இல்ல. கட்டினப்பவே அடியில அரக்கு ஒட்டியிருக்கு."

நாத்தனார் எட்டிப் பார்த்தார். "அப்பவே கழட்டிப் பாத்திருக்கலாம்லடி?" என்றார் என்னிடம்.

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"திரும்பக் கட்டித் தரேன், போட்டுக்கிறீங்களாம்மா?" என்றார் கடைக்காரர். மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். துளை எப்போதோ தூர்ந்துவிட்டிருந்தது.

விற்க மனம் வரவில்லை. கல்லை முந்தானையில் முடிந்துகொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனார் ஜன்னலோரம் கேட்டார். வழக்கம்போல் எழுந்து கொடுத்தேன். கொடுத்த பிறகுதான், ஏன் கொடுத்தேன் என்று தோன்றியது.