பன்னிரண்டு வீட்டில் கிடந்த கார்

வண்டியைப் பிரிக்க யாராலும் முடியும். திரும்ப மாட்டி, அது ஓடி, கையில் ஒரு நட்டுகூட மிச்சமில்லை என்றால்தான் அவன் மெக்கானிக். கல்யாண வீட்டுப் பந்தியில் நகத்துக் கறையை மறைக்க விரலை மடக்கிக்கொண்டு சாப்பிட்ட சகோதரர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் பாவம், ஏதோ கதை என்று படித்துக்கொள்ளட்டும்.

கோழி அடைகாத்த சீட்

சண்டையில் இந்தத் தீவைப் பிடித்த ஜப்பான்காரன் போய்ப் பத்துப் பதினோரு வருஷம் ஆகியிருக்கும். ரேஸ் கோர்ஸ் ரோடு ஓரத்தில் ஒரு சீன முதலாளியின் லாரிப் பட்டறையில் நான் வேலை பார்த்தேன். முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் டை கட்டிய யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், தரையில் இருந்த ஆயிலை மிதிக்காமல் தாண்டித் தாண்டி உள்ளே வந்தார். பெயர் சபாரத்தினம், துறைமுக ஆபீஸில் தலைமைக் கிளார்க். ஒரு காரைப் பார்க்க வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். ஃபேரர் பார்க் பக்கம் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சாக்கையும் தென்னங்கீற்றையும் விலக்கினால் உள்ளே ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, சக்கரம் இல்லாமல் நாலு மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அது எழுந்திருக்கக்கூட இல்லை.

சண்டைக்கு முன்னால் ஐயா ஆசை ஆசையாக வாங்கிய கார் அது. இப்போது பின்னால் இருக்கும் கால்வாயை அகலப்படுத்துகிறார்கள், ஆறு வாரத்தில் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் ஓடுமா என்றார். எனக்கு நாக்கில் சனி. யோசிக்காமல், ஓட்டிக் காட்டுகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டேன். சமையற்கட்டு வாசலில் நின்ற அவர் மனைவி பரமேஸ்வரி அம்மா கீழே இறங்கவில்லை. காரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, கார் தன்ர காலில வெளியால வந்தால் இவர் வச்சிருக்கட்டும். கயிறு கட்டி இழுக்கிறதெண்டால் நேரா இரும்புக் கடைக்குத்தான்."

சலூன் வெளிச்சம்

சக்கரம் எங்கே ஐயா என்று கேட்டேன். டோபி காட் பக்கம் ஒரு சலவைக் கடையில் என்றார். கார்புரேட்டர்? தேக்காவில் ஒரு அரிசிக் கடையில். டைனமோ? அது வேறு வீட்டில். எனக்குத் தலை சுற்றியது. ஜப்பான்காரன் ஊரில் இருக்கும் காரையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனபோது, இவர் ராவோடு ராவாகக் காரைக் கழற்றிப் பன்னிரண்டு சிநேகிதர்களிடம் ஆளுக்கொரு சாமானாகக் கொடுத்து வைத்திருக்கிறார். எங்கள் பட்டறை டிங்கர் காதர் பாயைக் கூட்டிக்கொண்டு, சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். திருவோடு ஏந்தாததுதான் பாக்கி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். யாரும் தொலைக்கவில்லை, யாரும் விற்கவில்லை. சோற்றுக்கு மரவள்ளிக்கிழங்கைத் தின்ற காலத்தில்கூட விற்கவில்லை. சலவைக் கடைக்காரர் நாலு சக்கரத்தையும் மாதாமாதம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார், கம்பியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அரிசிக் கடைக்காரர் கார்புரேட்டரை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார், ஈரம் ஏறாமல் அப்படியே இருந்தது. அதிலிருந்து அரிசியை ஊசியால் எடுக்கத்தான் எனக்கு ஒரு நாள் போனது. ஹெட்லைட் ஒன்று தேக்காவில் ஒரு சலூனில் இருந்தது. சலூன்காரர் அதில் பல்பைப் போட்டு நாற்காலிக்கு மேலே தொங்க விட்டிருந்தார். கழற்றினால் கடை இருண்டுவிடும் என்று மனுஷனுக்கு ஒரே வருத்தம். கடைசியில் எனக்கு இலவசமாகச் சவரம் செய்துவிட்டு, கத்தியை மடக்கிக்கொண்டே கேட்டார்:

"வண்டிக்கு ரெண்டு கண்ணு எதுக்குண்ணே, ஒத்தக் கண்ணுல ஓட்ட முடியாதா?"

வெயிலில் நின்ற நாள்

பரமேஸ்வரி அம்மா மேல் எனக்கு ஆரம்பத்தில் கோபம்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பட்டறையில் கேட்டால் சொல்வார்கள். நாம் இங்கே உயிரைக் கொடுத்து வேலை செய்கிறோம், இந்த அம்மா ஒரு வாய் காப்பியை அனுப்பிவிட்டு எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாரே என்று ஒருநாள் ஐயாவிடம் வாயை விட்டுவிட்டேன். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, ஜப்பான்காரன் காலத்தில் நடந்ததைச் சொன்னார்.

காரைத் தேடி வந்த சிப்பாய்கள், எஞ்சினில் பாதி சாமான் இல்லாததைப் பார்த்து, எங்கே என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். காலையிலிருந்து பொழுது சாயும் வரை. அந்த அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொடுத்துவிடுங்கள் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். சொன்னால் பன்னிரண்டு வீடும் மாட்டிக்கொள்ளும் என்று இவர் சொல்லவில்லை. அது நியாயம்தான். ஆனால் அந்த அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறதே. கேட்டதும் எனக்குப் பேசியதற்கு வெட்கமாக இருந்தது. ஐயா ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னார்:

"அவவுக்குக் காரில கோவம் இல்லைத் தம்பி, என்னிலதான்."

ஒரு அங்குலம்

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பதினாலு வருஷம் சும்மா கிடந்தால் நாமே இறுகிப்போவோம். முன்னால் மாட்டிச் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு ரெண்டு பேர் தொங்கினாலும் அசையவில்லை. தவுக்கே வந்து பார்த்து, சம்மட்டி தரவா என்று கேட்டுவிட்டுப் போனார். சம்மட்டியால் அடித்தால் பிஸ்டன் நொறுங்கும், சாமானுக்கு இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டுக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். எனவே பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஊற வைத்தேன். தினமும் பட்டறைக்குப் போகும் முன் கொட்டகைக்குப் போய் ஹேண்டிலை மெல்ல இந்தப் பக்கம் ஒரு அழுத்து, அந்தப் பக்கம் ஒரு அழுத்து. எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கோழி மட்டும் குஞ்சு பொரித்தது.

ஒன்பதாம் நாள் ஹேண்டில் ஒரு அங்குலம் இறங்கியது. ஒரே ஒரு அங்குலம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாயெல்லாம் குரைத்தது. காதர் பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். அவர் சட்டையெல்லாம் ஆயில். அதைத் துடைத்துக்கொண்டே, இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு லா போட்டு அவர் சொன்னது இன்றைக்கும் என் வீட்டில் சண்டைக்குப் பயன்படுகிறது:

"உனக்குப் புள்ள பொறந்தன்னிக்குக்கூட நீ இப்பிடிச் சிரிக்கலையே லா."

தாழ்ப்பாள் செய்த உபகாரம்

பதினோரு வீட்டுச் சாமான் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாவது வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றுமே ரோட்டர், கட்டை விரல் அளவுதான் இருக்கும், அதைத்தான் சொல்கிறேன். அது இல்லாவிட்டால் ஒரு பிளக்குக்கும் பொறி போகாது. அதை வாங்கி வைத்திருந்த சிநேகிதரைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. அவர் வீட்டில் போய்க் கேட்க ஐயாவுக்கு மனம் வரவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை.

புதிதாக வாங்கலாம் என்றால் இந்த மாடலுக்கு ஊரில் எங்கேயும் இல்லை. கொட்டகை இடிக்க ஒன்பது நாள். சரி, செய்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். உடைந்த மின்சார சுவிட்சின் கறுப்பு மூடியை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவினேன். மேலே பித்தளைத் துண்டு வேண்டும். பட்டறைக் கழிவறையின் பித்தளைத் தாழ்ப்பாள் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் எல்லோரும் உள்ளே போனால் பாடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. முதல் ரோட்டர் உடைந்தது. ரெண்டாவது மூடியில் உரசியது. மூன்றாவது பளிச்சென்று உட்கார்ந்தது. ஹேண்டிலைச் சுற்றச் சொல்லி, பிளக் ஒயரைப் பிடித்துப் பார்த்தேன். பொறி என் கையில் அடித்த அடியில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். சாயங்காலம் தவுக்கே அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனுஷன் ஜென்மத்தில் யாரையும் பாராட்டியதில்லை. நல்லாயிருக்கு என்று மலாயில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வந்தது:

"பாகுஸ் லா. நாளைக்கி லாரிக்கும் ஒண்ணு செய்."

வெள்ளிக்கிழமை

கடைசி நாள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. இடிக்க வந்தவர்கள் லாரியோடு வாசலில் நின்றார்கள். ஐயா டை கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஹேண்டிலைச் சுற்றினேன். ஒன்று, ரெண்டு, மூன்று. ஏழாவது சுற்றில் ஒரு இருமல், எட்டாவதில் படபடவென்று பிடித்துக்கொண்டது. அடடா, அந்தச் சத்தம்! எத்தனையோ லாரி எஞ்சினைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அப்படி மயிர் கூச்செறிந்ததில்லை. ஐயா கியரைப் போட்டார், கார் நகர்ந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் கைதட்டினோம்.

ரெண்டு கெஜம் போனதும் பின் சக்கரம் ரெண்டும் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மூன்று நாள் மழை, கொட்டகை வாசல் முழுக்கச் சேறு. இந்த மண்டை எஞ்சினைப் பற்றி ஆறு வாரம் யோசித்ததே தவிர, வாசலைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. சாக்கைப் போட்டேன், பலகையைப் போட்டேன், சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் இறங்கியது. மணி பத்து இருபது. லாரிக்காரர் நல்ல மனசோடுதான் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஐயா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வராத குறை.

அப்போதுதான் பரமேஸ்வரி அம்மா சமையற்கட்டுப் படியிலிருந்து இறங்கி வந்தார். லாரிக்காரரைக் கையைக் காட்டி நிறுத்தினார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, காரின் பின்னால் போய் ரெண்டு கையையும் ஊன்றினார். "கயிறு கட்டக்கூடாது எண்டுதான் சொன்னனான். தள்ளக்கூடாது எண்டு ஆர் சொன்னது? வாங்கோ, பிடியுங்கோ." நானும் காதர் பாயும் ஓடினோம், லாரிக்காரரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஐயா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சேறு எங்கள் மேல் வாரி அடித்தது, அந்த அம்மா முகம் முழுக்கச் சேறு, ஆனால் கையை எடுக்கவில்லை. ஒரு உலுக்கு உலுக்கி, கார் தெருவில் ஏறி நின்றது. ஐயா இறங்கி ஓடி வந்து கைக்குட்டையை நீட்டினார். அம்மா முகத்தைத் துடைத்தார். பிறகு தானே கதவைத் திறந்து, அந்தச் சேற்றுச் சேலையோடு, பதினாலு வருஷத்துக்கப்புறம் தன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்:

"தம்பி, உம்மட ரோட்டர் தேக்காச் சந்தை வரைக்கும் தாங்குமோ? வெள்ளிக்கிழமை, மரக்கறி வாங்கோணும்."

ஆகவே நட்டோடும் போல்ட்டோடும் மல்லுக்கட்டும் சகோதரர்களே, எஞ்சினை ஓட வைப்பது வேண்டுமானால் நம் கையில் இருக்கலாம், வண்டி வீட்டில் இருப்பதும் இரும்புக் கடைக்குப் போவதும் வீட்டுக்கார அம்மா கையில்தான் இருக்கிறது.